நுமான்சியாவோடு மடியாத மொழி

கேள்வி: கி.மு. 133இல் நுமான்சியா நகரம் ரோமானியரிடம் வீழ்ந்தபோது கெல்திபேரிய மக்களும் அவர்களுடைய மொழியும் ஒருசேர அழிந்தனவாமே? எழுத்தில்கூட அவர்கள் எதையும் விட்டுச்செல்லவில்லை என்பது உண்மையா?

பதில்: இரண்டுமே தவறு. ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ எமிலியானஸ் நுமான்சியாவைச் சுற்றி அரண் எழுப்பி, உணவு செல்லும் வழியை அடைத்து, பட்டினியாலேயே அதைப் பணியவைத்தார் என்பது வரலாறு. ஆனால், இன்றைய ஸ்பெயினின் சோரியாவுக்கு அருகிலிருந்த அந்நகரம் கெல்திபேரியரின் பல நகரங்களுள் ஒன்றுதான்.

ஐரிஷ், வெல்ஷ் ஆகியவற்றுக்கு உறவான தம் கெல்டிக் மொழியை, அவர்கள் அண்டை ஐபீரியரின் எழுத்தைத் தழுவி நாணயங்களிலும், விருந்தோம்பல் உறவுக்குச் சான்றாக வைத்துக்கொண்ட சிறு வெண்கல வில்லைகளிலும் பொறித்தார்கள். சரகோசாவுக்கு அருகே போத்தோரிட்டாவில் 1970இல் கிடைத்த வெண்கலத் தகட்டின் ஒரு பக்கத்தில் ‘இதுவும் கூடாது, அதுவும் கூடாது’ என அடுக்கிச் செல்லும் விதிகளும், மறுபக்கத்தில் ஆட்பெயர்களும் உள்ளன. 1992இல் வெளிப்பட்ட இன்னொரு தகட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. இவை நுமான்சியா வீழ்ந்ததற்குப் பிந்தைய தலைமுறைகளைச் சேர்ந்தவை என்றே ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அழிந்துபோன மொழியில் யார் சட்டம் எழுதுவார்கள்?

அம்மொழி தளர்ந்த விதத்தை அறிய, அதே ஊரில் கிடைத்த கி.மு. 87ஆம் ஆண்டின் தகட்டைத்தான் பார்க்க வேண்டும். கால்வாய் வெட்டுவதற்காக வாங்கிய நிலம் பற்றிய வழக்கை விசாரித்த அவ்வூர் அவையினரின் பெயர்கள் கெல்திபேரியப் பெயர்கள். தீர்ப்பின் மொழியோ இலத்தீன். முற்றுகையைவிட, வழக்கும் ஆட்சியும் வேற்று மொழிக்கு மாறிய இந்த மாற்றமே அம்மொழியை ஆழமாக அரித்தது என்பது என் துணிபு.

அப்போதும் அது உடனே மறையவில்லை. கி.பி. 25இல் ரோமானிய ஆளுநர் லூசியஸ் பீசோவைக் கொன்ற தெர்மெஸ் பகுதி உழவர் ஒருவர், உடந்தையாக இருந்தவர்களைக் காட்டிக்கொடுக்கும்படி வதைக்கப்பட்டபோது, தம்மை விசாரிப்பது வீண் எனத் தம் முன்னோர் மொழியில் உரக்கக் கூவினார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அம்மொழியின் பெயரை அவர் குறிக்கவில்லை. எனினும் தெர்மெஸ் கெல்திபேரியரின் நகரம் என்பதால், அது வேறெதுவாகவும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நுமான்சியா வீழ்ந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் பேசப்பட்ட மொழிக்குக் கி.மு. 133ஐ இறந்த ஆண்டாக எழுதுவது பிழை.