சோலைக்காட்டுப் பாசிகள்: கேள்வியும் பதிலும்

பழனி மலைச் சோலைகளில் மாஸ், லிவர்வொர்ட் என்னும் இரு வகைக் குட்டித் தாவரங்களைத் தேடி நடப்பவள் நான். உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொடைக்கானல் ஆசிரியை: குளத்துப் பாசி, மரத்துப் பாசி, கல்பாசி மூன்றும் ஒன்றா என்று மாணவர்கள் கேட்கிறார்கள், அம்மா.

பசுமையாகப் படர்வதையெல்லாம் பாசி என்றே நாம் சொல்லிவிட்டோம். குளத்தில் மிதப்பது ஆல்கா. குழம்பில் போடும் கல்பாசி ஒரு லைக்கன். அதாவது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உடல். மரத்துப் பாசி எனப்படும் மாஸும் லிவர்வொர்ட்டும் நிலத் தாவரங்கள். அவற்றுக்குப் பூ, விதை, உண்மையான வேர் எதுவும் கிடையாது, ஸ்போர் என்னும் தூள்போன்ற நுண்துகள்களால் பரவுகின்றன. மூன்றையும் மேசையில் வைத்து, கையில் லென்ஸ் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கோயம்புத்தூர் மாணவர்: காட்டில் நின்றபடியே மாஸையும் லிவர்வொர்ட்டையும் பிரித்தறிய முடியுமா? பாடத்தில் படித்தது மார்கான்ஷியா என்ற தட்டையான லிவர்வொர்ட் மட்டும்தான்.

முடியும், தம்பி. ஆனால் மார்கான்ஷியாவைக் கொஞ்சம் மறந்துவிட்டு வாருங்கள். லிவர்வொர்ட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தண்டும் இலையும் கொண்டவை. தொலைவிலிருந்து பார்த்தால் மாஸ் போலவே தெரியும்.

பத்து மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாஸின் இலைகள் பெரும்பாலும் தண்டைச் சுற்றிச் சுழலாக நிற்கும். பலவற்றில் நடுநரம்பு ஓடும். லிவர்வொர்ட்டின் இலைகள் ஓடு வேய்ந்ததுபோல இரண்டு வரிசையில் தட்டையாக அடுக்கியிருக்கும், நடுநரம்பு இராது. செடியைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் அடிப்பக்கம் மூன்றாவது வரிசையாகச் சிற்றிலைகள் இருக்கும். ஃபிசிடென்ஸ் என்ற மாஸ் இரண்டு வரிசை இலைகளோடு வந்து ஏமாற்றப் பார்க்கும். நடுநரம்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்போர்ப்பை கிடைத்தால் ஐயமே இல்லை. மாஸின் காம்பு விறைப்பாக, பல வாரம் நிற்கும். பெரும்பாலானவற்றில் பையின் வாயில் பற்கள் வரிசையாக இருக்கும். லிவர்வொர்ட்டின் காம்பு கண்ணாடிபோல மெலிந்தது. ஓரிரு நாளில் நீண்டு, பை பெரும்பாலும் நான்காகப் பிளந்ததும் துவண்டுவிடும்.

சோலை மரப்பட்டைகளில் செம்பழுப்பு நிறத்தில் ஃப்ருல்லேனியா என்ற லிவர்வொர்ட் படர்ந்திருக்கும். அதன் ஒவ்வோர் இலைக்கும் அடியில் தலைக்கவசம் கவிழ்த்ததுபோல ஒரு குட்டிப் பை உண்டு. மழைநீர் தேங்கும் அந்தப் பைக்குள் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர் குடியிருப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அதை முதன்முதலாகக் கண்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை!

தாண்டிக்குடி விவசாயி: ஏலச்செடி இலைகளில் பச்சைத் திட்டுகள். நோயா? மருந்து அடிக்கலாமா?

லென்ஸில் ஒழுங்காக அடுக்கிய குட்டி இலைகள் தெரிந்தால் மருந்து வேண்டாம், ஐயா. அவை இலைமேல் வாழும் லிவர்வொர்ட்டுகள். பெரும்பாலும் லெஜூனியேசியே குடும்பம். வெப்பமண்டலக் காடுகளில் மிகுதியாகப் பெருகிய குடும்பம் அது. உங்கள் செடியை அது உண்பதில்லை. ஈரமும் நிழலும் நீடிக்கும் இடம் என்பதற்கு அடையாளம் அது, அவ்வளவுதான். மாறாக, திட்டு இலைக்குள்ளேயே இருந்து, ஓரம் மஞ்சளாகப் பரவினால் வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

சேலம் வாசகர்: வகைப்பாடு மாறிவிட்டதாமே?

மாஸ், லிவர்வொர்ட், கொம்புபோன்ற ஸ்போர்ப்பை கொண்ட ஹார்ன்வொர்ட் மூன்றும் இன்று தனித்தனிப் பெரும்பிரிவுகள். 2016இல் வந்த உலகப் பட்டியல் லிவர்வொர்ட், ஹார்ன்வொர்ட் இரண்டுக்கும் சேர்த்து 7,486 சிற்றினங்களைக் கணக்கிட்டது. மாஸ் ஏறத்தாழ 12,000. நிலத் தாவரங்களில் முதலில் பிரிந்தது லிவர்வொர்ட்தான் என்று நெடுநாள் எழுதிவந்தோம். மரபணு ஆய்வுகள் இப்போது மாஸையும் லிவர்வொர்ட்டையும் உடன்பிறப்புகளாகக் காட்டுகின்றன.

மதுரை: நம் மலையில் யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

செண்பகனூரில் வாழ்ந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபொரோ. பழனி மலை மாஸ்கள் பற்றிய அவருடைய கட்டுரை 1961இல் வெளிவந்தது. ஒரு மாஸ் பேரினத்துக்கே ஃபொரோவெல்லா என்று அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. நம் மாணவர்களுக்கு அவர் பெயர் தெரியாதது எனக்கு வருத்தமே.

ஈரோடு: ஆர்க்கிட் தொட்டிக்கு மலைச்சாலைக் கடையில் ஒரு பை பாசி வாங்கினேன். தவறா?

தயவுசெய்து இனி வாங்காதீர்கள். கோஸ்டாரிகாவின் மான்டிவெர்டே முகில்காட்டில் சூழலியல் ஆய்வாளர் நளினி நட்கர்னி கிளைகளின் பாசியை உரித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்தார். முதல் சில ஆண்டுகள் கிளையின் மேற்புறம் ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தது. உங்கள் பையில் இருந்ததை உரித்தெடுக்கச் சில நிமிடங்கள் போதுமாக இருந்திருக்கும். தொட்டிக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகள் நன்றாகவே உதவும்.

சென்னை: காடே இல்லாத ஊரில் எங்கே தொடங்குவது?

வீட்டு மதிலில். மழைக்குப் பின் செங்கல்மேல் தளிர்க்கும் ஹையோஃபிலா என்ற மாஸைப் பாருங்கள். காய்ந்தால் இலை உள்நோக்கிச் சுருண்டுகொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு லென்ஸில் பார்த்திருங்கள், உங்கள் கண்முன்னே விரியும். கொஞ்சம் சுரண்டி எடுத்தால் பாலிதீன் பை வேண்டாம், புழுங்கிவிடும். செய்தித்தாளில் மடித்து நிழலில் உலர்த்தி, இடம், தேதி, எதன்மேல் வளர்ந்தது என்று மேலே எழுதுங்கள். லிவர்வொர்ட் என்றால் உலர்த்துமுன் நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள். செல்களுக்குள் இருக்கும் எண்ணெய்த் துளிகள் காய்ந்தால் மறைந்துபோகும், பல சிற்றினங்களை அடையாளம் காண அவையே துணை. காட்டுக்குள் சேகரிக்க மட்டும் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.