ஸ்டோர்ட் புரொசீஜர் தரும் அவுட்புட் மதிப்பு வெட்டுப்பட்டதை ஸ்கிரிப்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்பது, எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில் சேமித்து வைத்த நிரலான புரொசீஜரின் அவுட்புட் அளவுரு (அது திருப்பித் தரும் மதிப்பு) பவர்ஷெல் ஸ்கிரிப்டுக்கு வரும்போது பாதியில் நின்றுவிடுகிறது, ஆனால் பிழைச் செய்தியே வரவில்லை, ஏன் என்பதுதான். வராது. டேபிளில் இன்சர்ட் செய்யும்போது நீளம் மிஞ்சினால் சர்வர் பிழை தரும். வேரியபிளிலோ அளவுருவிலோ போடும்போது சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

நான் முதலில் இதைப் பார்த்தது ஒரு முகவரியில். "திருநெல்வேலி" என்பது "திருநெல்வேல" என்று வந்தது, கடைசி இகரக் குறி மட்டும் காணோம், எழுத்துப்பிழை என்று நினைத்து அரை நாள் டேபிளையே தோண்டிக்கொண்டிருந்தேன். ஸ்கிரிப்டில் அந்த அளவுருவின் சைஸ், அதாவது அதிகபட்ச நீளம், 40 என்று கொடுத்திருந்ததுதான் காரணம்.

புரொசீஜரைத் திருத்த முடியும் என்றால், உள்ளே மதிப்பை என்வார்கேர் மேக்ஸ் (நீள எல்லை வைக்காத யூனிகோட் சர வகை) வேரியபிளில் வைத்து, அதன் டேட்டாலெங்த்தை, அதாவது பைட் அளவை, இன்னொரு அவுட்புட்டாக அனுப்புங்கள். ஸ்கிரிப்டில் வந்த சரத்தின் நீளத்தை 2 ஆல் பெருக்கி (என்வார்கேரில் ஒரு குறிக்கு இரண்டு பைட்) ஒப்பிடுங்கள், குறைந்தால் வெட்டுப்பட்டிருக்கிறது. நீளம் சொல்லும் லென் செயற்கூறு வேண்டாம், அது கடைசி இடைவெளிகளை எண்ணாது.

திருத்த முடியாதா? சரி, அளவுருக்களின் விவரம் இருக்கும் சிஸ்.பேராமீட்டர்ஸ் பட்டியலில் மேக்ஸ்_லெங்த் பாருங்கள். அது பைட் கணக்கு, என்வார்கேருக்கு இரண்டால் வகுக்க வேண்டும், -1 என்றால் மேக்ஸ். சைஸை அதிலிருந்தே எடுங்கள். அப்புறம், வந்த நீளம் சரியாக அந்த எல்லையிலேயே நின்றால் சந்தேகப்பட்டு பதிவு செய்யுங்கள். அது உறுதியான ஆதாரம் இல்லை, ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் பிடித்துவிடும். புரொசீஜரில் நீளமே குறிப்பிடாமல் வார்கேர் (சர வகை) என்று அறிவித்திருந்தால் ஒரே ஒரு எழுத்துதான் கிடைக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.