பூனைக்கு எதற்கு மல்லிகை மணம்?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. அவற்றில் வெள்ளைப் பெர்சியனை ஞாயிறுதோறும் மல்லிகை மணமுள்ள ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறோம். குளியலறைக் கதவைச் சாத்தியதுமே அலறிப் பிறாண்டுகிறது. குளித்துவிட்டு வந்தால் மற்றப் பூனையும் அதைப் பார்த்துச் சீறுகிறது. அடம்பிடிக்காமல் குளிக்கவும், எந்நேரமும் மணக்க மணக்க இருக்கவும் என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: அலறலையும் பிறாண்டலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘மணக்க மணக்க’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லாவிட்டால் எனக்கு இன்றிரவு உறக்கம் வராது.

செயற்கை வாசனையோடு எனக்குள்ள பகை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். தரை துடைக்கும் திரவத்தில் எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் கட்டியில் எலுமிச்சை, விருந்தினருக்குக் கொடுக்கும் பானகத்தில் மட்டும் எசன்ஸ் என்றாகிவிட்ட வீடுகளைப் பற்றி முன்பு எழுதியதற்குக் கண்டனக் கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று ரோஜா மணக்கும் தாளில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் அலுவலக மேலாளர் கழிவறையில் பாச்சை உருண்டையைத் தொங்கவிடுவதும், நான் அதைக் கழற்றி எறிவதும் இன்றுவரை முடியாத வழக்கு. அந்த உருண்டை நாப்தலினால் ஆனதென்றால் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடியது என்பதால், பூனை வளர்க்கும் வீடுகளைப் பொறுத்தவரை தீர்ப்பு என் பக்கமே.

உங்கள் வீட்டுச் சீறலுக்கும் காரணம் அந்த மல்லிகைதான். பூனைகள் ஒன்றையொன்று முகத்தைப் பார்த்து அறிவதைவிட, உடலின் மணத்தை முகர்ந்தே அதிகம் அறிகின்றன. கன்னத்தை நாற்காலிக் காலில் தேய்ப்பதும், ஒன்றன்மேல் ஒன்று உரசுவதும் வீட்டுக்குப் பொதுவான ஒரு மணத்தைப் பூசிவைப்பதற்காகத்தான். ஞாயிறுதோறும் அதைக் கழுவிவிட்டுப் பூக்கடை மணத்தோடு ஒன்றை வெளியே அனுப்பினால், மற்றதன் கணக்கில் வீட்டுக்குள் வந்திருப்பது அந்நியப் பூனை. சீறாமல் என்ன செய்யும்?

மணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பூனையின் மேல் பூசியதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழக் கால் பங்கைத் தன்னை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே செலவிடும் பிராணி அது. நம் கல்லீரல் எளிதில் வெளியேற்றிவிடும் பல பொருள்களைப் பூனையின் கல்லீரலால் வெளியேற்ற முடியாது; அதற்குத் தேவையான நொதிகளுள் ஒன்று அதற்கு வேலை செய்வதில்லை. ஆகவே தேயிலை மர எண்ணெய், எலுமிச்சைத் தோல் எண்ணெய், தண்ணீரில் விட்டால் பாலாக வெளுக்கும் கிருமிநாசினி ஆகியவற்றில் எதையும் ‘ஒரு சொட்டுதானே’ என்று குளியல் நீரில் விடாதீர்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அது பூனையின் உயிரையே குடிக்கும். நாயும் பூனையும் ஒன்றுதான் என்று எனக்கு எழுதிக்கொண்டே இருக்கும் நாய்க்கட்சி அன்பர்கள் இதையாவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் பூனையைச் சும்மா விட்டுவிடலாமா என்றால், பெர்சியனை மட்டும் விடக்கூடாது. வீட்டுப் பூனை முதல் புலி, சிங்கம் வரை ஆறு வகை நாக்குகளை ஆராய்ந்த, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், நாக்கின் முட்கள் நுனியில் அகப்பைபோல் குழிந்திருப்பதையும், அவை எச்சிலை மொண்டு ரோமத்தின் அடிவரை சேர்ப்பதையும் 2018இல் வெளியிட்டார்கள். பெர்சியனின் நீண்ட ரோமத்தில் அந்த முட்கள் தோல்வரை எட்டுவதில்லை என்பதும் அதில் தெரியவந்தது. எனவே உங்கள் பூனைக்கு நாளும் வேண்டியது சீப்பு. அகலப் பல் சீப்பால் காதின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களைத் தவறாமல் வாரிவிடுங்கள். சடை விழுவது அங்கேதான். விழுந்துவிட்ட சடையைக் கத்தரிக்கோலால் வெட்டப் போகாதீர்கள். அதோடு சேர்ந்து மெல்லிய தோலும் மேலே எழும்பி வருவதால், ரோமமென்று நினைத்துத் தோலை வெட்டிவிட நேரும். கண்ணோரக் கறையை ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும்.

எண்ணெயிலோ பெயின்டிலோ புரண்டுவிட்டாலோ, படர்தாமரைக்கு மருத்துவர் சொன்னாலோ குளிப்பாட்டித்தான் ஆகவேண்டும். அன்று முதலில் சிக்கெடுங்கள். நனைந்த சடை இன்னும் இறுகும். முந்தின நாளே நகத்தின் கண்ணாடி போன்ற நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்த நாளம், அதைத் தொடக்கூடாது. கால் வழுக்காதபடி தொட்டியில் துண்டு விரித்து, பூனையின் உடற்சூடான 38 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெதுவெதுப்பான நீரைக் கழுத்துக்குக் கீழே மட்டும் குவளையால் ஊற்றுங்கள். நம் தோலின் அமிலத்தன்மை வேறு, அதன் தோலின் தன்மை வேறு என்பதால், பூனைக்கென்றே விற்கும் மணமில்லாத ஷாம்புவை வாங்கி, துளியும் தங்காமல் அலசுங்கள். துண்டால் ஒற்றியெடுத்தபின், மற்றப் பூனை படுத்த துணியால் ஒருமுறை தடவி வெளியே விட்டால் சீறல் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் நாறுகிறது என்றால் வாயையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கருத்தடை செய்யாத ஆண் பூனையின் சிறுநீர் நெடிக்கு எந்த ஷாம்புவும் மருந்தல்ல. நன்றாக நக்கிக்கொண்டிருந்த பூனை திடீரென்று நிறுத்திவிட்டால் அதுவும் நோயின் அறிகுறிதான். மூட்டுவலியோ பல்வலியோ இருக்கலாம்.

இறுதியாக, உங்கள் கையிலுள்ள கீறல்கள். வெறிநோய் பூனையிடமிருந்தும் பரவும். பிறாண்டிய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் யாராவது மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்தால், கிண்ணத்தை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.