கம்பாலியா என்றால் என்ன பொருள்?

கேள்வி: சுவாதி நட்சத்திரத்தில் பிறந்த எங்கள் பெண் குழந்தைக்குக் 'கம்பாலியா' என்று பெயர் வைக்க ஆசை. சுவாதிக்கு எகிப்தின் காப்டிக் மொழியில் அதுதான் பெயர், 'ஒளி மகள்' என்று பொருள் என்கிறார் ஒரு பெயரியல் ஆலோசகர். அந்த விண்மீனையே குழந்தை பெயரில் பதிவுசெய்து சான்றிதழ் வாங்கித் தருவாராம். நம்பலாமா?

பதில்: முதலில் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கம்பாலியா என்று ஒரு விண்மீன் உண்டு. கன்னி மண்டலத்தின் ஓரத்தில், துலாமை ஒட்டி இருக்கிறது. நகர வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது. ஆனால் அது சுவாதி இல்லை. நம் 27 நட்சத்திரங்களில் சுவாதி 15-வது. அரபு நாட்டார் நிலவின் பாதையை 28 வீடுகளாகப் பிரித்தார்கள். அதில் 15-வது வீட்டின் மூன்று மீன்களில் ஒன்று கம்பாலியா. எண் ஒன்றாக இருப்பதை வைத்து ஆலோசகர் முடிச்சுப் போட்டுவிட்டார். சுவாதி வடக்கே வெகு தூரத்தில் பளிச்சென்று தெரிவது.

பொருளும் 'ஒளி மகள்' இல்லை, 'வளைந்த நகமுடையது'. ரிச்சர்ட் ஹிங்க்லி ஆலன் 1899-ல் எழுதிய விண்மீன் பெயர் நூலில் அப்படித்தான் இருக்கிறது. காப்டிக்கில் கிரேக்கச் சொற்கள் ஏராளம். கிரேக்கத்தில் 'கம்புலோஸ்' என்றால் வளைந்தது. பக்கத்துத் துலாமைக் கிரேக்கர்கள் தேளின் முன்பக்கக் கிடுக்கிகளாகத்தான் பார்த்தார்கள். எனவே அந்தக் கிடுக்கியை நினைத்து வைத்த பெயராக இருக்கலாம் என்பது என் கணிப்பு. இந்தக் காப்டிக் பெயர்கள் 17-ம் நூற்றாண்டில் ரோமிலிருந்த பாதிரியார் கிர்ச்சரின் நூல்கள் வழியே ஐரோப்பாவுக்குப் போனவை. பழைய எகிப்தின் சித்திர எழுத்துகளைத் தப்பும் தவறுமாகப் படித்த அதே கிர்ச்சர்தான். 'பாரோ காலத்துப் பெயர்' என்று யாராவது அளந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

2018-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் இந்தப் பெயரை ஏற்றது. அதோடு நாலு மொழியில் ஒரு வரி விளக்கமும் போட்டிருந்தால் இந்த ஆலோசகர்களுக்குப் பிழைப்பே இருக்காது. யார் கேட்கிறார்கள்?

விண்மீனுக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் அந்த ஒன்றியத்துக்கு மட்டுமே. அது காசுக்கு விற்பதில்லை. பொதுமக்களுக்கு உள்ள ஒரே வழி, அதுவே நாடுகளுக்கு நடத்தும் பெயர்சூட்டும் போட்டி. 2019-ல் அப்படிப் பெயரிட இந்தியாவுக்கு ஒரு விண்மீன் வந்தது. இயற்பியலாளர் பிபா சௌத்ரி நினைவாக 'பிபா' என்று பெயரிட்டார்கள். அதிலும் பொதுமக்கள் பெயரை முன்மொழியலாம், வாக்களிக்கலாம். வாங்க முடியாது, சொந்தக் குழந்தையின் பெயரைச் சூட்டவும் முடியாது. 'போட்டி வழியாக ஏற்பாடு செய்கிறேன்' என்று அந்த ஆலோசகர் அடுத்து வருவார், பாருங்கள்.

பெயர் பிடித்திருந்தால் தாராளமாக வையுங்கள். தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிந்த ஓராண்டுக்குள் சான்றிதழில் பெயர் சேர்க்கக் கட்டணமே கிடையாது. அதற்கும் இடையில் ஆள் வைக்காமல் நீங்களே போய்வாருங்கள்.