பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் நிற்கிறதா?

கேள்வி: என்னிடம் இருப்பது 1969 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரவில் பிரேக்கை மிதித்தால் இடது பின்விளக்கு மங்குகிறது. அந்நேரம் இடது இண்டிகேட்டர் போட்டால் மினுக்காமல் எரிந்தபடியே நிற்கிறது. பல்பும், இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பிளாஷரும் புதிது. ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றாதீர்கள். ஒன்றைப் போட்டால் இன்னொன்று கெடுகிறது என்றாலே முதலில் எர்த்தை, அதாவது மின்சாரம் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பைப் பாருங்கள். இந்த வண்டிகளுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியை ‘இருளின் இளவரசன்’ என்று கிண்டல் செய்வார்கள். அந்தப் பழியில் பாதி துருவுக்குச் சேர வேண்டியது.

பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே பல்பில் உள்ள 5 வாட், 21 வாட் இழைகள். இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அதே கூட்டில் இருக்கும் இண்டிகேட்டருக்கும் அதுவே. அங்கே துரு ஏறினால், பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் எளிதில் எர்த்துக்குப் போக முடியாமல் அந்தப் பொது இணைப்பில் வோல்ட் ஏறும்; அதே எர்த்தை நம்பியிருக்கும் மற்ற இழைகளுக்குக் கிடைப்பது குறையும். பழைய பிளாஷர் சூட்டில் இயங்குவது; முன்னும் பின்னும் சேர்த்து 42 வாட், சுமார் 3.5 ஆம்பியர் இழுத்தால்தான் ஒழுங்காகத் துடிக்கும்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். பேட்டரிகள் சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் நீளமான ஒயர் ஒன்று வேண்டும். கறுப்பு முனை, பாடியோடு இணைந்த பேட்டரி முனையில். கிளாம்ப்பில் அல்ல, ஈய முனையிலேயே. சிவப்பு முனை, பல்பு ஹோல்டரின் உலோகத்தில். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அடுத்து சிவப்பு முனையை டிக்கிக்குள் சுரண்டிய பாடித் தகட்டில் வையுங்கள். அளவு இறங்கிவிட்டால் கோளாறு விளக்குக்கும் பாடிக்கும் நடுவே. இறங்காவிட்டால் பேட்டரி எர்த் பட்டையில். உப்புத்தாளால் தகடு பளிச்சிடும்வரை தேய்த்து, முறுக்கி, அதன் பிறகு வாசலின் பூசுங்கள்.

கேள்வி: சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் பச்சை ஒயர்களின் பியூஸ் அடிக்கடி போகிறது. 35 ஆம்பியர் கண்ணாடி பியூஸ்தான் போடுகிறேன்.

பதில்: உங்கள் பியூஸில் 35 என்று இருந்தாலும் அது எந்த முறை 35 என்று பாருங்கள். பிரிட்டிஷ் கணக்கில் 35 ஆம்பியரில் உருகும். தொடர்ந்து தாங்குவது 17தான். அமெரிக்க முறை 35 என்றால் தொடர்ந்தே அவ்வளவு தாங்கும். பியூஸ் தப்பிக்கும், ஒயர் கருகும்.

பியூஸ்களை வீணாக்காமல், பியூஸ் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். முழு ஷார்ட் ஆனாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் போகாது. இக்னிஷன் காயிலின் வெள்ளை ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் மூடியபடி சாவி போட்டு வைத்தால் காயில் சூடாகிவிடும். வைப்பர், ஹீட்டரை நிறுத்திவிட்டுச் சாவியைப் போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இப்போதே இருக்கிறது. பச்சை இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்தக் கிளைதான். எரியாவிட்டால் பிரேக்கை மிதியுங்கள், ரிவர்ஸ் கியர் போடுங்கள், ஒயர்க் கட்டை ஆட்டுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் போகும் பச்சை-பழுப்பு ஒயர் உரசியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஒயர் முனைகளை இணைக்கும் புல்லட் கனெக்டர் எந்த அளவு?

பதில்: 4.7 மி.மீ. ஜப்பானிய வண்டிகளுக்கான 4 மி.மீ. இதில் பிடிக்காது. ரப்பர் உறையையும் சேர்த்து மாற்றுங்கள்; துரு பெரும்பாலும் அதன் உள்ளே இருக்கும் குழலில்தான்.