உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் சம்பளம்: கேட்டவையும் பதில்களும்

பி.எட். முடித்தவர், விழுப்புரம்: சார், அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தால் கையில் எவ்வளவு வரும்?

அடிப்படை ஊதியம் 36,400 தம்பி. 2025 ஜனவரிக் கணக்குப்படி அகவிலைப்படி 55 சதவீதம், அதாவது 20,020. இரண்டும் சேர்த்தால் 56,420. மருத்துவப்படி 300. வீட்டு வாடகைப்படி ஊருக்கு ஊர் மாறும். பிடித்தத்தில் பெரியது ஓய்வூதியத்துக்குப் போகும் 10 சதவீதம், 5,642 ரூபாய். எல்லாம் போக ஐம்பதாயிரத்துக்குக் குறையாது. வருடத்துக்கு 3 சதவீத உயர்வும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியிலும் இதே ஊதிய விகிதம்தான். தகுதித் தேர்வோடு நியமனத் தேர்வும் இருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்தே படியுங்கள்.

பட்டதாரி ஆசிரியை, தேனி: எம்.எஸ்சி. முடித்தால் சம்பளம் கூடுமா?

இப்போது கூடாது அம்மா. முன்பு உயர்கல்விக்கு ஊக்க ஊதிய உயர்வு தந்தார்கள், 2020 மார்ச்சில் அதை ரத்து செய்துவிட்டார்கள். முதுகலை ஆசிரியராகவே போனாலும் தொடக்கம் 36,900, வெறும் 500 ரூபாய்தான் கூடுதல். பாடத்தின் மேல் ஆசை இருந்தால் படியுங்கள்.

பகுதிநேர ஓவிய ஆசிரியர், சேலம்: 2012-ல் சேர்ந்தேன். எங்களுக்கும் ஊதிய விகிதம் உண்டா?

இல்லை. அப்போது 5,000 ரூபாய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 2024-ல் 12,500 ஆனது. அகவிலைப்படியோ ஆண்டு உயர்வோ கிடையாது, பல வருடம் மே மாதம் சம்பளமே தரவில்லை. பக்கத்து வகுப்பில் நிற்கும் நிரந்தர ஆசிரியரின் அகவிலைப்படி அளவுக்குக்கூட உங்கள் முழுச் சம்பளம் வரவில்லை. இது அநியாயம். பணி நிரந்தரம் கேட்டு நீங்கள் போராடுவது முழுக்க நியாயம். நியமன ஆணை, வருகைப் பதிவு நகல்களைப் பத்திரமாக வைத்திருங்கள், நாளைக்கு உங்கள் பணிக்காலத்துக்குச் சாட்சி அதுதான்.

தனியார் பள்ளி ஆசிரியை, ஈரோடு: 9 வருடம் வேலை பார்த்தேன், கடைசிச் சம்பளம் 14,000. ஒன்றும் தராமல் அனுப்புகிறார்கள்.

விட்டுவிடாதீர்கள். ஐந்து வருடம் முடித்த தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரவேண்டிய மொத்தத் தொகை (கிராஜுவிட்டி) உண்டு, 2022-ல் உச்ச நீதிமன்றமே அதை உறுதிசெய்தது. கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணிபுரிந்த வருடங்களாலும் பெருக்குங்கள். அந்த 14,000 முழுவதும் அடிப்படையும் அகவிலைப்படியும்தான் என்றால் உங்களுக்கு ஏறத்தாழ 72,690 ரூபாய் வரவேண்டும். முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அந்த நகலோடும் வங்கிக் கணக்கு விவரத்தோடும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.