பித்தப்பை இடம் மாறி இருந்தால் ஆபரேஷன் ஆபத்தா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 56. பித்தப்பையில் கற்கள் இருக்கின்றன, வலது விலாவுக்குக் கீழே அடிக்கடி வலிக்கிறது. லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன். சி.டி. ஸ்கேனைப் பார்த்த பிறகு, ‘பித்தப்பை இடது பக்கம் தள்ளி இருக்கிறது, எம்.ஆர்.சி.பி. எடுத்துப் பார்த்துவிட்டுத் தேதி வைக்கலாம்’ என்கிறார். வலி வலப்பக்கம்தானே இருக்கிறது? ஸ்கேன் தவறாக இருக்குமோ? ஆபரேஷன் செய்வது ஆபத்தா?

பதில்: வலி வலப்பக்கம் இருப்பதால் ஸ்கேன் தவறு என்று சொல்லிவிட முடியாது. பித்தப்பை மட்டும் இடம் மாறியிருக்கும்போது அதன் நரம்புகள் கூடவே மாறுவதில்லை. அதனால் வலி பெரும்பாலும் வழக்கமான வலப்பக்கத்திலேயே தெரியும். உள்ளுறுப்புகள் எல்லாமே கண்ணாடி பிம்பம் போல இடம் மாறிப் பிறப்பவர்களும் உண்டு. அது வேறு விஷயம். அவர்களுக்குக் கல்லீரலே இடப்பக்கம் இருக்கும், வலியும் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

கல்லீரலை வயிற்றின் முன்சுவரோடு பிணைக்கும் அரிவாள் வடிவச் சவ்வு ஒன்று இருக்கிறது. பித்தப்பை அதற்கு வலப்புறம் இருப்பதுதான் வழக்கம். உங்கள் அம்மாவுக்கு இடப்புறம் இருக்கிறது போலும். 1886லேயே ஹோக்ஸ்டெட்டர் என்ற உடற்கூறியல் அறிஞர் விவரித்திருக்கும் அமைப்பு இது. அபூர்வம்தான், ஆனால் நோய் கிடையாது. அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் பிடிபடாது, ஆபரேஷன் மேஜையில்தான் பலருக்குத் தெரியவரும். முன்கூட்டியே தெரிந்தது உங்களுக்கு நல்லதுதான்.

சரி, சர்ஜன் ஏன் தயங்குகிறார்? பித்தப்பையை எடுக்க, அதன் குழாயையும் அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனியையும் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். பக்கத்திலேயே கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் பொதுப் பித்தக்குழாய் ஓடுகிறது. அதைப் பித்தப்பைக் குழாய் என்று நினைத்து வெட்டிவிடுவதுதான் இந்த ஆபரேஷனில் சர்ஜன்களாகிய நாங்கள் எல்லோரும் அஞ்சும் விபத்து. சரிசெய்யப் பெரிய ஆபரேஷன் தேவைப்படும், தொந்தரவு வருடக்கணக்கில் தொடரலாம். பித்தப்பை இடம் மாறியவர்களிடம் பித்தப்பைக் குழாய், பொதுப் பித்தக்குழாயோடு இடப்புறமிருந்தும் வந்து சேரலாம், வலப்புறம் சுற்றி வந்தும் சேரலாம். பித்தப்பையின் தமனி பொதுப் பித்தக்குழாயின் முன்னால் குறுக்கே போகலாம். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை, கல்லீரலுக்குள் கிளை பிரியும் விதமும் சிலருக்கு மாறியிருக்கும். பித்தப்பையை எடுக்க அது பெரிய தடையில்லை, என்றைக்காவது கல்லீரலில் ஒரு பகுதியை வெட்ட நேர்ந்தால் மிக முக்கியம்.

எம்.ஆர்.சி.பி. என்பது பித்தக்குழாய்களைத் தனியாக எடுத்துக் காட்டும் எம்.ஆர்.ஐ. பரிசோதனை. அதைக் கேட்கும் சர்ஜனை நம்பலாம் என்பது என் எண்ணம்.

உண்மையில், வழக்கமான இடத்தில் பித்தப்பை உள்ளவர்களிடமும் உள்ளே ‘புத்தகப் படம்’ போலவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 1955ல் மிஷெல்ஸ் என்ற உடற்கூறியல் அறிஞர் 200 உடல்களை ஆராய்ந்தபோது, பாடப்புத்தகத்தில் உள்ளபடி கல்லீரல் தமனி இருந்தது பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களிடம்தான். அதனால்தான் சர்ஜன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995ல் வகுத்த விதியை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்: கொழுப்பையும் நாரையும் முழுக்க விலக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு (அதன் குழாயும் தமனியும்) மட்டும் போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

அப்புறம், சர்ஜனிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள்: “உள்ளே குழாய்கள் தெளிவாகத் தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?” ஆபரேஷனின்போதே சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பேன், பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்துவேன், தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்பேன் என்றெல்லாம் பதில் வந்தால் நல்லது. லேப்ராஸ்கோப்பியிலிருந்து திறந்த முறைக்கு மாறுவதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். பித்தக்குழாயைக் காப்பாற்ற எடுக்கும் முடிவு அது. இடம் மாறிய பித்தப்பைகளையும் லேப்ராஸ்கோப்பியிலேயே பாதுகாப்பாக எடுக்கிறார்கள், கருவி நுழைக்கும் துளைகளைச் சற்றுத் தள்ளிப் போடுவார்கள்.

எம்.ஆர்.சி.பி.க்குக் காத்திருக்கும் நாட்களில் காய்ச்சல், கண் மஞ்சளாதல், சில மணி நேரமாகியும் தணியாத வலி, இவற்றில் எது வந்தாலும் அம்மாவை உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஆபரேஷன் முடிந்ததும் அறுவைக் குறிப்பின் நகலையும் ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறொரு சர்ஜன் அந்த வயிற்றைத் திறக்க நேர்ந்தால், முதலில் தேடுவது அதைத்தான்.